மலேரியா ஒழிப்பில் மரபணுக் கண்காணிப்பு: ஓர் எளிய அறிமுகம்

ஒரு மலேரியா மருந்து பயனற்றுப்போவது ஒரே நாளில் நடப்பதில்லை. எங்கோ ஒரு நோயாளியின் இரத்தத்தில் பெருகிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான ஒட்டுண்ணிகளில் ஒன்றில், மரபணுவின் ஓர் எழுத்து (டிஎன்ஏவை அமைக்கும் நான்கு வேதிப்பொருள்களில் ஒன்று) மாறிவிடுகிறது. அந்த ஒட்டுண்ணி மருந்தையும் மீறிப் பிழைக்கிறது. கொசு அதை உறிஞ்சி இன்னொருவர் உடலில் சேர்க்கிறது. சில ஆண்டுகள்வரை இது யார் கண்ணிலும் படாது, ஏனென்றால் மருந்து சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் குணமாகிக்கொண்டேதான் இருப்பார்கள். ‘மாத்திரைக்குக் காய்ச்சல் கேட்கவில்லை’ என்று மருத்துவர்கள் பரவலாகச் சொல்லத் தொடங்கும் நேரத்தில், மாறிய ஒட்டுண்ணி அந்தப் பகுதி முழுவதும் வேரூன்றியிருக்கும்.

மாற்றம் தோன்றும் நாளுக்கும் அதன் விளைவு மருத்துவமனையில் தெரியும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் மரபணுக் கண்காணிப்புக்கு வேலை இருக்கிறது. நோயாளிகளின் இரத்தத்திலிருந்தும் கொசுக்களிலிருந்தும் தொடர்ந்து மாதிரிகள் எடுத்து, அவற்றின் டிஎன்ஏவைப் படித்து, எது மாறிவருகிறது என்பதை நோய்த் தடுப்புத் திட்டத்தை நடத்துபவர்களிடம் சொல்வதே இந்தப் பணி. நோய் பெருகுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பது இதன் உயிர்நாடி.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023ஆம் ஆண்டில் சுமார் 26.3 கோடி பேருக்கு மலேரியா வந்தது. 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்தார்கள். இவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் 5 வயது நிரம்பாத குழந்தைகள். இப்போது கையில் இருக்கும் முதன்மை மருந்து பலமிழந்தால் முதலில் பாதிக்கப்படப்போவதும் அந்தக் குழந்தைகள்தான்.

எதைப் படிக்கிறார்கள்?

மனிதர்களுக்கு மலேரியா தரும் ஒட்டுண்ணிகளில் மிகக் கொடியது பிளாஸ்மோடியம் ஃபால்சிபேரம். அதன் மரபணுத் தொகுதி 2002இல் முழுமையாக வெளியிடப்பட்டது. 14 குரோமோசோம்கள், ஏறத்தாழ 2.3 கோடி எழுத்துகள், 5,000க்கும் மேற்பட்ட மரபணுக்கள். மனித மரபணுத் தொகுதியில் இருப்பதோ சுமார் 300 கோடி எழுத்துகள். ஆப்பிரிக்காவில் மலேரியாவை அதிகம் பரப்பும் அனாஃபிலிஸ் கேம்பியே கொசுவின் மரபணுத் தொகுதியும் அதே 2002இல் வெளிவந்தது. நோயாளி, ஒட்டுண்ணி, கொசு ஆகிய மூன்றின் மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது அதற்குப் பிறகுதான்.

மாதிரி எடுக்கும் முறை ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது. நோயாளியின் விரல் நுனியில் குத்தி, இரண்டு மூன்று துளி இரத்தத்தை வடிதாளில் ஒற்றி, உலரவிட்டு, ஈரம் புகாத உறையில் வைத்துவிட்டால் போதும். குளிர்பதனப் பெட்டி தேவையில்லை. சாலை வசதி குறைந்த மலைக்கிராமத்துச் சுகாதார நிலையத்திலிருந்துகூட இப்படி மாதிரி அனுப்ப முடியும்.

ஆய்வகத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. அந்தத் துளியில் இருக்கும் டிஎன்ஏவில் பெரும்பகுதி மனிதருடையது. ஒட்டுண்ணியுடையது மிகச் சிறிதளவே. போதாக்குறைக்கு, ஃபால்சிபேரத்தின் டிஎன்ஏவில் ஏறத்தாழ 80 சதவீதம் ஏ, டி என்ற இரண்டு எழுத்துகளாகவே இருப்பதால், வரிசைப்படுத்தும் கருவிகள் தடுமாறுகின்றன. இதனால் அன்றாடக் கண்காணிப்பில் முழுத் தொகுதியையும் படிப்பதில்லை. ஏற்கெனவே முக்கியம் என்று தெரிந்த சில பத்து அல்லது சில நூறு இடங்களை மட்டும் பிசிஆர் முறையில் பெருக்கி, அந்தத் துண்டுகளைப் படிக்கிறார்கள். செலவும் குறைகிறது, விடையும் விரைவில் கிடைக்கிறது. எதிர்பாராத மாற்றங்களைத் தேட மட்டும், அவ்வப்போது சில மாதிரிகளை முழுமையாகப் படிப்பார்கள்.

கோவிட் காலத்தில் வைரஸின் புதிய வகைகளைப் பற்றிச் செய்திகளில் படித்தவர்களுக்கு இது பழக்கமானதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கொரோனா வைரஸ் பெரும்பாலும் தன்னைத் தானே நகலெடுத்துக்கொண்டு போகிறது. அதனால் எது எதிலிருந்து வந்தது என்று கிளை கிளையாக வரைந்துவிடலாம். மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் வயிற்றில் ஆண், பெண் செல்களாக இணைகிறது. வெவ்வேறு மரபு வரிசை கொண்ட இரண்டு ஒட்டுண்ணிகள் அங்கே சந்தித்தால், அவற்றின் மரபணுக்கள் கலைத்து அடுக்கப்படுகின்றன. நோய்ப் பரவல் அதிகமுள்ள இடங்களில் ஒரே நோயாளிக்குள் பல மரபு வரிசைகள் ஒன்றாகக் குடியிருப்பதும் சாதாரணம். மலேரியாவில் ‘வகை’களைவிட மரபணுத் தொகுதியின் துண்டுகளைப் பின்தொடர்வது பயன் தருவது இதனால்தான்.

குளோரோகுயின் சொல்லும் வரலாறு

இந்தக் கண்காணிப்பு இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தால் அதன் மதிப்பு விளங்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குளோரோகுயின் மலிவான, பாதுகாப்பான, எங்கும் கிடைக்கும் மலேரியா மருந்தாக இருந்தது. 1950களின் இறுதியில் தாய்லாந்து-கம்போடிய எல்லைப் பகுதியிலும் தென் அமெரிக்காவில் கொலம்பியாவிலும் அதற்குக் கட்டுப்படாத ஃபால்சிபேரம் தலைகாட்டியது. 1970களின் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவில் தென்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் அந்தக் கண்டத்தின் பெரும்பகுதிக்கும் பரவிவிட்டது. 1980களிலும் 90களிலும் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் மலேரியாவால் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை உயர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

காரணமான மரபணு அடையாளம் காணப்பட்டது 2000ஆம் ஆண்டில். பிஎஃப்சிஆர்டி என்பது அதன் பெயர். ஒட்டுண்ணி நமது சிவப்பணுவுக்குள் இருந்துகொண்டு ஹீமோகுளோபினைத் தின்கிறது. அப்போது மிஞ்சும் ஹீம் என்ற நச்சுப்பொருளைப் படிகமாக்கி ஒதுக்கிவைக்கிறது. அந்தப் படிகமாக்கலைத் தடுத்து, ஒட்டுண்ணியை அதன் கழிவாலேயே கொல்வது குளோரோகுயினின் வேலை. பிஎஃப்சிஆர்டி உருவாக்கும் புரதத்தில் 76ஆம் இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் திரியோனினாக மாறி, உடன் வேறு சில மாற்றங்களும் சேர்ந்தால், அந்தப் புரதம் மருந்தை ஒட்டுண்ணியின் செரிமானப் பையிலிருந்து வெளியேற்றிவிடுகிறது.

2002இல் அந்த மரபணுவைச் சுற்றியுள்ள டிஎன்ஏ பகுதிகளைப் பல நாட்டு மாதிரிகளில் ஒப்பிட்டபோது இன்னொரு உண்மை தெரிந்தது. ஆப்பிரிக்காவில் பரவிய மருந்து எதிர்ப்புத்திறன் அங்கே புதிதாக உருவானதில்லை. ஆசியாவிலிருந்து போய்ச் சேர்ந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது பயணம் செய்திருக்கிறது, அந்தப் பயணத்தை மரபணு அளவில் பார்க்க அன்று யாரிடமும் கருவி இல்லை. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கும் பகுதி இதுதான்.

இதே மரபணு நம்பிக்கை தரும் ஒரு கதையையும் சொல்கிறது. மலாவி நாடு 1993இல் குளோரோகுயினைக் கைவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அங்கே 85 சதவீத மாதிரிகளில் அந்த 76ஆம் இட மாற்றம் இருந்தது. 2000இல் அது 13 சதவீதமாகச் சரிந்தது. மருந்தின் நெருக்கடி இல்லாதபோது மாறிய ஒட்டுண்ணியால் பழைய ஒட்டுண்ணியுடன் போட்டிபோட முடியவில்லை. பின்னர் அங்கே குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில் குளோரோகுயின் ஏறக்குறைய எல்லோரையும் குணப்படுத்தியது. 2006இல் அந்த முடிவு வெளியானது. ஒரு மருந்தை நிறுத்தினால் அதன் பலம் திரும்பலாம் என்பதை மரபணு எண்ணிக்கை முதலில் காட்டியது, மருத்துவ ஆய்வு அதைப் பின்னால் உறுதிசெய்தது.

இன்றைய கவலை: ஆர்ட்டிமிசினின்

இன்று உலகம் முழுவதும் ஃபால்சிபேரம் மலேரியாவுக்கு முதன்மைச் சிகிச்சை ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து. வேகமாக வேலை செய்து சீக்கிரம் உடலைவிட்டு நீங்கும் ஆர்ட்டிமிசினின் வகை மருந்து ஒன்று, மெதுவாக வேலை செய்து நீண்ட நாள் உடலில் தங்கும் துணைமருந்து ஒன்று என இரண்டு சேர்ந்தது இது. முதலாவது ஒட்டுண்ணிகளை வெகுவாகக் குறைக்கும். மிஞ்சியவற்றை இரண்டாவது தீர்த்துக்கட்டும்.

2008, 2009ஆம் ஆண்டுகளில் மேற்குக் கம்போடியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. ஆர்ட்டிமிசினின் கொடுத்தும் நோயாளிகளின் இரத்தத்திலிருந்து ஒட்டுண்ணிகள் வழக்கத்தைவிட மெதுவாகவே நீங்கின. 2014இல் அதற்குரிய மரபணு அடையாளம் கிடைத்தது: கெல்ச்13 என்ற மரபணு. அதன் 580ஆம் இடத்தில் ஏற்படும் மாற்றம் தென்கிழக்கு ஆசியாவில் மிகப் பரவலானது. ஆய்வுக் கட்டுரைகளில் அதை ‘சி580ஒய்’ என்று எழுதுவார்கள். சிஸ்டீன் (சி) என்ற அமினோ அமிலம் இருந்த இடத்தில் டைரோசின் (ஒய்) வந்துவிட்டது என்பது பொருள்; நடுவில் உள்ள எண் இடத்தைக் குறிக்கும். மற்ற மாற்றங்களின் பெயர்களையும் இப்படியே படிக்கலாம்.

இந்த மாற்றம் எப்படி ஒட்டுண்ணியைக் காக்கிறது? ஆர்ட்டிமிசினின் தானாகவே கொல்வதில்லை. ஹீமோகுளோபின் செரிக்கும்போது வெளிப்படும் ஹீம்தான் அதைத் தூண்டிவிடுகிறது. கெல்ச்13 மாறிய ஒட்டுண்ணி தன் இளம் பருவத்தில் ஹீமோகுளோபினைக் குறைவாக உட்கொள்கிறது. உணவு குறைந்தால் ஹீம் குறையும், ஹீம் குறைந்தால் மருந்து முழுமையாகத் தூண்டப்படாது. மருந்து உடலைவிட்டு நீங்கும்வரை அது அப்படிப் பசியோடு காத்திருந்து தப்பிக்கிறது.

இதைப் ‘பகுதி எதிர்ப்பு’ என்கிறார்கள். துணைமருந்து பலமாக இருக்கும்வரை நோயாளி குணமாகிவிடுவார். துணைமருந்தும் தோற்றால்தான் பேரிடர். கம்போடியாவில் அதுவே நேர்ந்தது. கெல்ச்13 மாற்றத்தோடு, பிப்பெராகுயின் என்ற துணைமருந்தைத் தாங்கும் திறனையும் சேர்த்துக்கொண்ட ஒரு மரபு வரிசை உருவாகி, தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் என எல்லைகளைக் கடந்து பரவியது. அதை மரபணுத் தரவுகள் தெளிவாகக் காட்டின. மெஃப்லோகுயின் என்ற பழைய மருந்துக்கு எதிரான அடையாளம் கம்போடிய ஒட்டுண்ணிகளில் அரிதாகிவிட்டதையும் அதே தரவுகள் காட்டின. கம்போடியா பிப்பெராகுயினை விட்டு, மெஃப்லோகுயின் சேர்ந்த கூட்டு மருந்துக்கு மாறியது. இரத்தத் துளியிலிருந்து தொடங்கி ஒரு நாட்டின் சிகிச்சை விதிவரை போகும் பாதைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆப்பிரிக்காவைப் பொறுத்தவரை அச்சம் வேறு திசையிலிருந்து வந்தது. குளோரோகுயின் எதிர்ப்பைப் போலவே இதுவும் ஆசியாவிலிருந்து வந்து சேரும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2020இல் வெளியான ஆய்வு ஒன்று, ருவாண்டாவின் ஒட்டுண்ணிகளில் கெல்ச்13இன் 561ஆம் இட மாற்றம் பரவிவருவதைக் காட்டியது. சுற்றியுள்ள டிஎன்ஏவை ஒப்பிட்டபோது அது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்ததில்லை, அங்கேயே பிறந்தது என்பது தெரிந்தது. அதன் பின் உகாண்டாவில் 469, 675ஆம் இடங்களிலும், எரித்திரியாவில் 622ஆம் இடத்திலும் மாற்றங்கள் கண்டறியப்பட்டன. எதிர்ப்புத்திறன் வெளியிலிருந்து வந்தால் எல்லைகளில் கவனத்தைக் குவிக்கலாம். உள்ளேயே பல இடங்களில் பிறக்கிறது என்றால் நாடு முழுவதும் கண் வைக்க வேண்டும். 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஆப்பிரிக்காவுக்கென்று தனியாக மருந்து எதிர்ப்பு உத்தியை வெளியிட்டதற்குப் பின்னணி இதுதான்.

பரிசோதனையின் கண்ணில் படாத ஒட்டுண்ணி

மருந்தைப் போலவே நோயறியும் கருவியும் ஏமாறலாம். நுண்ணோக்கி இல்லாத இடங்களில் மலேரியாவைக் கண்டுபிடிக்க விரைவுப் பரிசோதனைப் பட்டைகளைப் பயன்படுத்துகிறார்கள். ஃபால்சிபேரத்துக்கான பட்டைகளில் பெரும்பாலானவை எச்ஆர்பி2 என்ற ஒரு புரதத்தைத் தேடுபவை. ஒட்டுண்ணி உயிர்வாழ அந்தப் புரதம் கட்டாயமில்லை. அதை உருவாக்கும் மரபணுவே இல்லாத ஒட்டுண்ணிகள் பெருவின் அமேசான் பகுதியில் இருப்பது 2010இல் தெரியவந்தது. 2016 வாக்கில் எரித்திரியாவில் அவை மிக அதிகமாக இருப்பது தெரிந்து, அந்த நாடு வேறு வகைப் பட்டைகளுக்கு மாற வேண்டியதாயிற்று. எத்தியோப்பியாவிலும் இவை உள்ளன.

பட்டையில் கோடு தெரியாததால் நோயாளிக்கு மலேரியா இல்லை என்று முடிவாகிறது, மருந்து கொடுக்கப்படுவதில்லை. அவருடைய உடலில் ஒட்டுண்ணி நீடித்து, மற்றவர்களுக்கும் பரவுகிறது. மரபணு இழந்த ஒட்டுண்ணிகளுக்குப் பரிசோதனை முறையே இப்படிச் சாதகமாக அமைந்துவிடுகிறது. இந்த மரபணு இழப்பால் 5 சதவீதத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் தவறவிடப்பட்டால், அந்தப் பகுதியில் பரிசோதனையை மாற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

மாதிரிகளை யாரிடமிருந்து எடுக்கிறோம் என்பதே விடையைத் தீர்மானித்துவிடும் என்பதற்கும் இது சாட்சி. எச்ஆர்பி2 பட்டையில் மலேரியா உறுதியானவர்களின் இரத்தத்தை மட்டும் சேகரித்தால், இந்தச் சிக்கல் எத்தனை ஆண்டுகளானாலும் கண்ணில் படாது. பட்டையில் கோடு விழாமல், நுண்ணோக்கியிலோ வேறு புரதத்தைத் தேடும் பட்டையிலோ அகப்பட்டவர்களையும் சேர்க்க வேண்டும். வரிசைப்படுத்தும் கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், மாதிரி தேர்ந்த விதத்தில் உள்ள குறையை அது சரிசெய்யாது.

கொசு, தடுப்பூசி, கடைசிச் சில நோயாளிகள்

கொசுவலையில் தடவப்படும் பைரித்ராய்டு பூச்சிக்கொல்லியைக் கொசுக்கள் முக்கியமாக இரண்டு வழிகளில் வெல்கின்றன. ஒன்று, பூச்சிக்கொல்லி போய்த் தாக்கும் நரம்புப் புரதம் மாறிவிடுவது. மற்றொன்று, நஞ்சை முறிக்கும் நொதிகள் அதிகமாகச் சுரப்பது. எது நடக்கிறது என்று மரபணு சொன்னால், எந்த வலை வாங்குவது என்று முடிவுசெய்யலாம். உதாரணமாக, அந்த நொதிகளை முடக்கும் பிபிஓ என்ற வேதிப்பொருள் சேர்ந்த வலைகள் இரண்டாவது வகைக்குப் பொருத்தமானவை. தெற்காசிய நகரங்களில் தண்ணீர்த் தொட்டிகளில் வளரும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி கொசு 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டது. பின்னர் எத்தியோப்பியாவிலும் வேறு நாடுகளிலும் தென்பட்டது. பார்வைக்கு மற்ற கொசுக்களோடு குழம்பக்கூடிய அதை உறுதிசெய்யவும், எந்த வழியாக வந்தது என்று ஊகிக்கவும் டிஎன்ஏ உதவுகிறது.

தடுப்பூசிக்கும் இதில் பங்குண்டு. ஆர்டிஎஸ்,எஸ் என்ற மலேரியா தடுப்பூசி ஒரே ஒரு ஒட்டுண்ணி வரிசையின் புரதத்தை வைத்து வடிவமைக்கப்பட்டது. 2015இல் வெளியான மரபணு ஆய்வின்படி, அந்தப் புரதத்தோடு பொருந்தும் ஒட்டுண்ணிகளுக்கு எதிராக முதல் ஆண்டில் அதன் பலன் சுமார் 50 சதவீதம். பொருந்தாதவற்றுக்கு எதிராக சுமார் 33 சதவீதம். தடுப்பூசி பரவலாகும்போது பொருந்தாத ஒட்டுண்ணிகளின் பங்கு கூடுகிறதா என்பதைத் தொடர்ந்து பார்த்தாக வேண்டும்.

நோய் குறைந்துவரும் நாடுகளில் கேள்வி மாறுகிறது. இந்த நோயாளிக்குத் தொற்று இங்கேயே வந்ததா, வெளியிலிருந்து வந்ததா? பரவல் குறையக் குறைய ஒட்டுண்ணிகள் நெருங்கிய உறவினங்களுக்குள்ளேயே கலக்கின்றன. நோயாளிகளின் மாதிரிகள் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளைப் போல ஒத்துப்போகின்றன. இரண்டு மாதிரிகளில் நீண்ட டிஎன்ஏ துண்டுகள் அப்படியே ஒன்றாக இருந்தால், அவை அண்மையில் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. புதிய மாதிரி உள்ளூர் மாதிரிகள் எவற்றோடும் ஒட்டாமல் தொலைவில் நின்றால், வெளியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். வைவாக்ஸ் வகை மலேரியாவில் இந்தக் கணக்கு எளிதில் நிற்காது. அது கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கி மீண்டும் எழும். பழைய தொற்றா, புதிய கொசுக்கடியா என்று பிரிப்பது இன்னும் கடினமாகவே இருக்கிறது.

விடை எப்போது வருகிறது?

மேலே சொன்ன ருவாண்டா ஆய்வை மீண்டும் பாருங்கள். அதன் மாதிரிகள் 2012க்கும் 2015க்கும் இடையில் எடுக்கப்பட்டவை. கட்டுரை வெளிவந்தது 2020இல். ஆய்வு மிக நேர்த்தியானது; ஆனால் அந்த இடைவெளியில் ஒட்டுண்ணி எத்தனையோ தலைமுறைகளைக் கடந்துவிட்டது. தொலைதூர நாட்டு ஆய்வகத்துக்கு இரத்தத் துளிகள் பயணமாகி, ஆய்வுக் கட்டுரையாகத் திரும்பி வருவதைக் கண்காணிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதிரி எடுத்த நாட்டிலேயே கருவியும், அதை இயக்கத் தெரிந்தவர்களும், விடையைப் பார்த்து மருந்துக் கொள்முதலை மாற்றும் அதிகாரமுள்ளவர்களும் இருக்க வேண்டும். இது முடியாத காரியமல்ல. நானோபோர் என்ற கையடக்க டிஎன்ஏ வரிசைப்படுத்தும் கருவியைக் கொண்டு மருந்து எதிர்ப்பு மரபணுக்களையும் தடுப்பூசிக்குரிய மரபணுவையும் கானாவிலேயே படித்துக்காட்டிய ஆய்வு 2023இல் வெளியானது. பல நாட்டு ஆய்வாளர்கள் இணைந்த மலேரியாஜென் கூட்டமைப்பு அதே ஆண்டு 33 நாடுகளின் 20,000க்கும் மேற்பட்ட ஒட்டுண்ணி மாதிரிகளின் தரவை எல்லோருக்கும் திறந்துவைத்தது. ஒரு நாட்டில் கிடைக்கும் புதிய மாற்றத்தை அதனோடு ஒப்பிட்டு, அது வேறெங்கும் உள்ளதா என்று உடனே பார்க்க முடிகிறது.

மரபணு தனியாகத் தீர்ப்பு சொல்லிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு இறுதிச் சான்று, நோயாளிகளுக்கு மருந்து கொடுத்து 28 அல்லது 42 நாட்கள் பின்தொடரும் ஆய்வுதான். தோல்வி 10 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை மாற்ற வேண்டும். அந்த ஆய்வுக்கும் மரபணு தேவைப்படுகிறது: நான்காவது வாரத்தில் மீண்டும் ஒட்டுண்ணி தென்பட்டால், அது மருந்துக்குத் தப்பிய பழையதா, புதிய கொசுக்கடியால் வந்ததா என்பதை முதல் நாள் மாதிரியோடு டிஎன்ஏவை ஒப்பிட்டே அறிகிறார்கள்.

ஆகவே, ‘மலேரியாவில் புதிய மரபணு மாற்றம்’ என்ற தலைப்பைப் பார்க்கும்போது, மாதிரி எந்த ஆண்டு எடுக்கப்பட்டது, யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதை முதலில் தேடுங்கள். அந்த மாற்றம் கெல்ச்13இல் உள்ளதா, துணைமருந்துக்குரிய மரபணுவில் உள்ளதா, இரண்டும் ஒரே ஒட்டுண்ணியில் சேர்ந்துவிட்டனவா என்று பாருங்கள். சேர்ந்துவிட்டன என்றால், அந்த நாட்டின் மருந்துப் பட்டியல் எப்போது மாறப்போகிறது என்பதே அடுத்து எழ வேண்டிய கேள்வி.